மூன்றாம் அத்தியாயத்துக் கிணறு

கோயமுத்தூரில் கணபதியைத் தாண்டி, ஒரு காலத்தில் கத்திரியும் மக்காச்சோளமும் விளைந்த தோட்டத்தை மனையாக்கி, மனையை மாடியாக்கி, மாடிக்குப் பொன்னி என்கிளேவ் என்று பேரும் வைத்த பிறகு, தோட்டத்துக் கிணற்றை மட்டும் மூட மனசு வராமல் மேலே கம்பி வலை போட்டுக் கார் நிறுத்துமிடத்து மூலையில் விட்டுவைத்திருந்தார்களே, அந்த அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் நஞ்சப்பன் என்று ஒரு மனுசன் இருந்தான். அவனுக்குத் தொழில், பழைய ஆட்டங்களைப் புது விதிக்கு மாற்றிக்கொடுப்பது.

ஆட்டம் என்றால் பந்தும் மட்டையும் இல்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருத்தர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேசம் கட்டிக்கொண்டு, நான் வாளை உருவுகிறேன், நான் மதில் ஏறுகிறேன் என்று வாயாலேயே சொல்லி, பகடையை உருட்டி, வெட்டினானா வெட்டுப்பட்டானா என்று பார்த்துக்கொள்ளும் ஆட்டம். கடல் கடந்த தேசங்களில் தாடி நரைத்தவர்களெல்லாம் இதை ஆடுகிறார்களாம், அவர்களுக்கு வேறு சோலி இல்லை போலிருக்கிறது. நஞ்சப்பன் முன்னே ஒரு பம்புசெட்டுக் கம்பெனியில், மோட்டாரை எப்படிப் பூட்டுவது, தண்ணி ஏறாவிட்டால் எதைத் திருகுவது என்று கையேடு எழுதிக்கொண்டிருந்தவன். அவனைப் பொறுத்தவரை ராட்சசனும் ஒன்றுதான், அஞ்சு ஹெச்.பி. மோட்டாரும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஆற்றல் இத்தனை என்று ஒரு எண் உண்டு, எதைத் தொட்டால் எது ஓடும் என்று ஒரு பட்டியல் உண்டு.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஐப்பசி மாதம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, நாற்பது வருசப் பழைய ஆட்டப் புத்தகம் ஒன்றை அனுப்பி, கதையைத் தொடாதே, விதியை மட்டும் இந்தக் காலத்துக்கு மாற்று, வேண்டாத ஆளிருந்தால் தூக்கிவிடு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. 'பவளக் கடலுக்கு அப்பால்' என்று புத்தகத்துக்குப் பேர். அதை எழுதின வெள்ளைக்காரர் ஆசியாவுக்கு வந்தவரில்லை, தன் ஊரில் இருந்த ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் சுவர்ப் படங்களைப் பார்த்தே கண்டம் முழுக்க எழுதிவிட்ட தைரியசாலி. அதில் ஷாங்பூர் என்று ஒரு நாடு. அந்த நாட்டில் பனியும் பனைமரமும் ஒரே வயலில் இருக்கும், யானைப் பாகனும் நீள வாள்காரனும் ஒரே தெருவில் குடியிருப்பார்கள், மூங்கிலையும் மேகத்தையும் கொக்கையும் சேர்க்காமல் ஒரு வாக்கியம் பேச ஒருத்தருக்கும் தெரியாது. அங்கே பிறந்த ஒவ்வொருவருக்கும் மானம் இருபது புள்ளி. போனது போனதுதான், திரும்பாது. பூஜ்யத்துக்கு வந்தால் உயிரை விட்டுவிட வேண்டும்.

முதல் அத்தியாயத்தை அவன் தட்டத் தொடங்கின செவ்வாய்க்கிழமை காலையில், பால் பாக்கெட் வந்த கையோடு, ஷாங்பூர்க்காரர்கள் முப்பத்தேழு பேர் பட்டு அங்கியும் காகிதக் குடையுமாக வந்து கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்றார்கள். கூடவே நீள மீசை வைத்த நாகம் ஒன்று வந்து 2பி வீட்டுக் கார் நிற்கும் இடத்தில் சுருண்டு படுத்தது. 2பி வீட்டுக்காரர் துபாயில் இருந்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எங்கிருந்து வந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் திருமூர்த்தி, நூற்பாலையில் முப்பது வருசம் ஆளை அதட்டி ஓய்வு பெற்றவர், மாடியைப் பார்த்து, "ஏனுங் நஞ்சப்பன், உங்க விருந்தாளிங்களா? எத்தன நாளு இருப்பாங்க? தண்ணி லாரி ஒண்ணு சேத்திச் சொல்லோணும்ல?" என்று கேட்டார், அவ்வளவுதான். நஞ்சப்பன் மனைவி கோகிலா ஜன்னல் வழியாக எட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, "முப்பத்தேழு பேருக்கு மாவு எங்கீங்க போறது?" என்றாள். அன்றைக்கு மூன்று மாடியிலும் இட்லி வெந்தது.

அவன் புதுப் புத்தகத்தில் எதை எழுதினானோ அது அவர்களுக்கு அப்படியே ஆயிற்று. பேச்சில் மூங்கிலும் மேகமும் இனிக் கட்டாயமில்லை என்று ஒரு வரி எழுதினான். மறுநிமிசம் எல்லாரும் அவன் பேசும் கொங்குப் பேச்சையே பேசினார்கள், நாற்பது வருசம் அடக்கிவைத்த முட்டிவலியும் வாய்வுத் தொல்லையும் கொட்டித் தீர்த்தார்கள். புத்தகத்தில் ஊமைச் சேவகர் பதினொருவர் என்று ஒரு வரி இருந்தது. பேரில்லை, வேலையில்லை, சும்மா நிற்பவர்கள்தானே என்று அந்த வரியை அழித்தான். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினொரு பேரும் பாதி இட்லியோடு இல்லாமல் போனார்கள். தட்டுகளும் செருப்புகளும் மட்டும் கிடந்தன. நஞ்சப்பனுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. சங்கத்தார், நல்ல செருப்பாக இருக்கிறதே என்று ஆளுக்கொரு சோடி எடுத்துக்கொண்டார்கள்.

வந்தவர்களில் லீ குமார் சான் என்று ஒருவர் இருந்தார். பேரைப் பார்த்து நீங்கள் சிரிக்க வேண்டாம், அவர் வைத்துக்கொண்டதா அது? யாரைப் பார்த்தாலும் மானம் எத்தனை என்று சொல்லிவிடுவது அவர் வேலை. பெரியவர் முன்னால் கால்மேல் கால் போட்டால் மூன்று குறையும், விருந்தில் இலை தனக்கு முன்னால் இன்னொருத்தருக்குப் போட்டால் ஐந்து குறையும், மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டால் அப்பனுக்குப் பத்து குறையும் என்று அந்த அட்டவணையை அவர் வாசிக்க வாசிக்க, பொன்னி என்கிளேவே வாயெல்லாம் பல்லாகக் கேட்டது. "நம்ம வூட்டுக்குள்ள வந்து பாத்த மாதிரியே எழுதீருக்கறானுங்க" என்று திருமூர்த்தி வியந்தார். ஒரே வாரத்தில் எல்லார் வாசலிலும் பேருக்குப் பக்கத்தில் எண் ஏறியது. திருமூர்த்திக்குப் பத்தொன்பது. ஜாதகத்தோடு மானப் புள்ளியும் கேட்டு வாங்கினார்கள். அவனவன் குறைந்துவிடக் கூடாதே என்று மூச்சை விடவும் பயந்து நடந்தான்.

இரண்டாம் அத்தியாயத்தில் நஞ்சப்பன் மானத்துக்குப் புது விதி எழுத வேண்டியிருந்தது. இந்தக் கால ஆட்டத்தில் யாருக்கும் எந்தச் சேதமும் ஒரு நாளைக்கு மேல் நிற்கக் கூடாது, ஆடுகிறவர்கள் மனசு சங்கடப்படும். அதனால், எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் போன மானமெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று எழுதினான். எழுதின மறுநாளே திருமூர்த்தி சங்கத்துத் தண்ணி லாரியைப் பட்டப்பகலில் தன் வீட்டுத் தொட்டிக்குத் திருப்பினார். லீ குமார் சான் நாலு என்றார். திருமூர்த்தி போய் நன்றாகப் படுத்து எழுந்து வந்தார். லீ குமார் சான் இருபது என்றார். அன்று தொட்டு, கற்பூரத்தை அடித்துப் பொய்ச் சத்தியம் பண்ணுவது, அடுத்தவர் கொடியில் காயும் துணியை எடுத்து உடுத்திக்கொண்டு அவர் எதிரிலேயே நடப்பது என்று ஒவ்வொருவரும் பகலில் துணிந்து, ராத்திரி குறட்டை விட்டு, காலையில் இருபதோடு கோலம் பார்க்க வந்தார்கள். நினைத்தால் நல்லதும் நடந்திருக்கலாம். பேச்சை முறித்த மகளோடு ஒருத்தர் பேசியிருக்கலாம், மானம் போனால் காலையில் வந்துவிடப் போகிறது. அந்தப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை.

இத்தனையிலும் ஒரு மூலையில் நின்று எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் தாமரைக் கண்ணீர். பெற்றவளா வைத்தாள் அந்தப் பேரை, வெள்ளைக்காரர் வைத்தது. புத்தகத்தில் அவளுக்கு ஒரு பக்கம். அழகு பதினெட்டு, பேச்சு இல்லை, மூன்றாம் அத்தியாயத்தில் கருநாகப் பிரபு அவள் கையைத் தொடுவான், தொட்டவுடன் அவள் மானம் பூஜ்யமாகும், மானம் பூஜ்யமானதும் உடனே குதிக்க வேண்டும் என்று அவளுக்கு மட்டும் தனி விதி, பக்கத்தில் கிணறு. கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டுமே, அதற்காக அவள் சாக வேண்டும். தூங்கி எழுந்து மானத்தை மீட்டுக்கொள்ள அவளுக்கு எட்டு நிமிசம்கூடக் கிடையாது.

அந்த அத்தியாயம் கார்த்திகை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போக வேண்டும், போகிற அன்றே கீழே அது நடக்கும் என்று தெரிந்ததும் பொன்னி என்கிளேவ் பரபரத்தது. கொங்குச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. மானத்துக்காகக் கிணற்றில் விழுந்த கன்னிப் பெண்ணுக்கு மேட்டில் கல் நட்டு, மஞ்சள் சேலை சாத்தி, கன்னியாத்தா என்று பொங்கல் வைப்பார்கள். இருந்தபோது அவளுக்கு ஒரு வாய்ச் சோறு யாராவது போட்டார்களா என்று மட்டும் கேட்கக் கூடாது. அடுக்ககம் என்று இருந்தால் ஒரு சாமி வேண்டும், பிள்ளையார் கோயில் என்றால் இடம் பத்தாது, கன்னியாத்தா என்றால் மூன்றடிக்கு மூன்றடி போதும் என்று சங்கம் கணக்குப் போட்டது. விழுந்த பிறகு கட்டினால் தாமதம் என்று முன்கூட்டியே கட்டத் தொடங்கினார்கள். கிணற்றின் மேலிருந்த கம்பி வலையையும் கழற்றி ஓரமாகச் சாத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை தாமரைக் கண்ணீர் கொத்தனாருக்குத் தேநீர் ஊற்றப் போனவள் அந்தச் சின்ன மாடத்தைப் பார்த்து நின்றாள்.

"இது யாருக்குங்க?"

"உனக்குத்தான் கண்ணு" என்றார் திருமூர்த்தி, பாசம் பொங்க. "டைல்ஸு எந்தக் கலரு வேணும்னு நீயே சொல்லீரு."

"நான் இன்னும் சாகலீங்களே."

"அதுக்கென்ன கண்ணு, வெள்ளிக்கெழமைக்கு இன்னும் மூணு நாளு இருக்குதுல்ல."

அவள் தேநீர்க் கெண்டியைக் கொத்தனார் பக்கத்திலேயே வைத்துவிட்டு மூன்று மாடி ஏறி நஞ்சப்பன் வீட்டுக் கதவைத் தட்டினாள். கோகிலா நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லாதவள், நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

"நாப்பது வருசமா மூணாவது அத்தியாயத்தோட நிக்கறனுங்க" என்றாள். "எத்தன மேசைங்க, எத்தன ஊருங்க. அங்கெல்லாம் செத்தா, ஆட்டம் முடிஞ்சு பகடைய எடுத்து வெச்சதும் எந்திரிச்சுக்குவனுங்க. இங்க விழுந்தா நெசக் கெணறுங்க. எனக்கு சாமியாக வேண்டாம்ங்க. நாலாவதுல என்ன இருக்குதுன்னு ஒரு தடவை பாக்கோணும்ங்க."

பம்பு கம்பெனியில் இருந்த பதினாறு வருசத்தில் எந்த மோட்டாரும் நஞ்சப்பனிடம் வந்து இப்படிக் கேட்டதில்லை. அன்றே வெளிநாட்டுக் கம்பெனியின் பதிப்பாசிரியர் அம்மாளுக்கு, இந்தப் பெண்ணைக் கிணற்றில் தள்ளாமல் கதையை மாற்றலாமா என்று எழுதினான். அந்த அம்மாள் நல்லவர், உடனே பதில் போட்டார். அந்தப் பாத்திரத்தை நினைத்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது, ஆசியப் பெண்களை இப்படிக் காட்டுவது தவறு, கதையை மாற்றினால் பழைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆகவே மரியாதையோடு அவளை முழுவதுமாக அழித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். பாதி இட்லி இருந்த பதினொரு தட்டும் நஞ்சப்பன் கண்ணில் வந்து நின்றது.

புதன்கிழமை சங்கக் கூட்டத்தில் அவன் எழுந்து, அவளுக்கு மானம் என்ற எண்ணையே எடுத்துவிடுகிறேன், எண் இல்லாவிட்டால் எது பூஜ்யமாகும், யார் சாக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தான். கூட்டம் கொதித்துவிட்டது. முந்தின நாள்தான் மைத்துனன் கையெழுத்தைத் தானே போட்டு, ராத்திரி சுகமாகத் தூங்கி எழுந்துவந்த 1ஏ வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பொம்பளைக்கு மானமில்லீன்னு எழுதறதுக்கு உங்களுக்குக் கை எப்படிங்க வரும்? நாங்க கட்டீருக்கற கோயிலுக்கு என்னங்க மரியாதை?"

"அவ உசுருங்க" என்றான் நஞ்சப்பன்.

"உசுரு எல்லாத்துக்கும்தான் இருக்குது" என்றார் திருமூர்த்தி. கூட்டம் கைதட்டியது. தீர்மானம் நிறைவேறியது. பொங்கலுக்குப் பச்சரிசி யார் வாங்குவது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி ஆயிற்று.

அழித்தால் இல்லாமல் போவாள், அழிக்காவிட்டால் விழுவாள், எண்ணை எடுத்தால் ஊரே ஏறி மிதிக்கும். நஞ்சப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வியாழக்கிழமை பூராவும் அந்த ஒரு பக்கத்தையே, பழுதான மோட்டாரின் படத்தைப் பார்ப்பதுபோல, எதைத் தொட்டால் எது ஓடுகிறது என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தான். கதை என்று இருந்தது மூன்றே வரி. பிரபு அவள் கையைத் தொடுவான். அவள் மானம் பூஜ்யமாகும். பக்கத்தில் கிணறு இருக்கும். குதிப்பது கதையில் இல்லை, அது விதியில்தான் இருந்தது. அவள் மானம் அவளிடமே இருக்கிறது என்பதும் விதிதான், கதை இல்லை. விதியை மாற்றத்தானே அவனை வைத்திருக்கிறார்கள்? பழைய தனி விதியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இப்படி எழுதினான்: 'இவளுடைய மானம் இவளிடம் இருப்பதில்லை, பார்த்துக்கொண்டு நிற்பவர்களிடம் இருக்கிறது. அது பூஜ்யமானால் குதிக்க வேண்டியவர்கள் அவர்கள்.'

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொன்னி என்கிளேவ் முழுக்க, பட்டும் வேட்டியுமாகக் கிணற்றைச் சுற்றி நின்றது. அடுப்பில் பானை பொங்கத் தயாராக இருந்தது. கருநாகப் பிரபு வந்தார். புத்தகத்தில் கொடூரன் என்றாலும், இந்த ஒன்றரை மாதத்தில் காலையில் நடைப்பயிற்சியும் சாயங்காலம் சுண்டலுமாக நல்ல மனுசனாகியிருந்தார். அவர் கை தானாக நீண்டது. "மன்னிச்சுக்கோ அம்மணி, கதையில அப்படித்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

பெண்கள் குலவையிட்டார்கள். எல்லாரும் அவள் குதிக்கக் காத்திருந்தார்கள். அவளும் நாற்பது வருசப் பழக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்தாள், பிறகு அந்த அடியை எடுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நின்றாள், கால் வரவில்லை. லீ குமார் சான் அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொருவராகச் சுட்டி, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். திருமூர்த்தியிடமும் அதையே சொன்னார். கடைசியாக, பின்னால் நின்ற நஞ்சப்பனுக்கும் பூஜ்யம் என்றார்.

"பொண்ணு குதிக்கலீங்களா?" என்று கேட்டார் 1ஏ வீட்டுக்காரர்.

"குதிக்க வேண்டியது நீங்கங்க" என்று விதியை எடுத்து வாசித்தார் லீ குமார் சான்.

கிணறு திறந்து கிடந்தது. ஐம்பத்திரண்டு பேர் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் திருமூர்த்தி, ஆலையில் ஆளைச் சமாளித்த அனுபவம் எங்கே போகும், தொண்டையைச் செருமிக்கொண்டு, "உடனே குதிக்கோணும்னு இதுல போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டார். லீ குமார் சான் மறுபடி வாசித்தார். உடனே என்று இல்லை. பழைய விதியை அடித்தபோது அதுவும் சேர்ந்து போயிருந்தது. நஞ்சப்பன் மறந்து விட்டானா, தெரிந்தே விட்டானா என்று கோகிலா அப்புறம் எத்தனை தடவை கேட்டும் அவன் சொல்லவில்லை.

"அப்ப எட்டு மணி நேரம் இருக்குது" என்றார் திருமூர்த்தி.

பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் படியேறின. பகல் பதினொரு மணிக்குப் பொன்னி என்கிளேவில் எல்லாக் கதவும் சாத்தப்பட்டு, எல்லாத் திரையும் இழுக்கப்பட்டு, மூன்று மாடியும் சேர்ந்து குறட்டை விட்டது. கருநாகப் பிரபுவுக்கும் தூக்கம் வந்தது. நாகத்தின் மேல் சாய்ந்து படுத்துக்கொண்டார். நஞ்சப்பனும் போய்ப் படுத்தான், புரண்டான், மின்விசிறியைக் கூட்டினான், குறைத்தான். எழுந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான்.

தாமரைக் கண்ணீர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். "தூங்கலீங்களா?" என்றாள்.

"படுத்துப் பாத்தேனுங்க. வரல."

"நாலாவதுல நான் என்னங்க பண்றேன்?"

அவன் நாலாம் அத்தியாயத்தைத் திறந்து அவள் பேரைத் தேடினான். இல்லை. ஐந்தில், ஆறில், கடைசிப் பக்கம் வரைக்கும் இல்லை. செத்துப்போனவளைப் பற்றி யார் எழுதுவார்கள்? இதற்கா இவ்வளவு பாடுபட்டாள் என்று அவனுக்கு அழுகை முட்டியது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, சொன்னான்.

அவள் யோசித்தாள். "ஒரு வரிகூட இல்லீங்களா?"

"ஒரு எழுத்துக்கூட இல்லீங்க."

"அப்ப யாரும் திருத்த முடியாதுங்களா?"

"எழுதியிருந்தாத்தானுங்களே திருத்தறதுக்கு."

"நல்லதுங்க" என்றாள் தாமரைக் கண்ணீர். எழுந்து, பட்டு அங்கியின் நீளக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டுக்கொண்டு, கதவைத் திறந்து சத்தி ரோட்டுக்கு நடந்தாள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள். எந்தப் பஸ் என்று அவளும் பார்க்கவில்லை, வாசலில் நின்ற நஞ்சப்பனுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பொன்னி என்கிளேவ் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கி வந்தது. லீ குமார் சான் தூங்கி எழுந்த எல்லாருக்கும் இருபது என்றார். ஆறிப்போன பானையை மறுபடி சூடாக்கினார்கள், மாடத்துக் கல்லுக்கு மஞ்சள் சேலை சாத்தினார்கள், கற்பூரம் காட்டினார்கள். கையைத் தொட்ட மாத்திரத்தில் மறுபேச்சில்லாமல் குதித்துவிட்டாளே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மானஸ்தியா என்று 1ஏ வீட்டம்மா கண்ணைத் துடைத்தாள். மற்றவர்களும் துடைத்தார்கள். ஒன்றும் பொய்யழுகை இல்லை, மனசாரத்தான் அழுதார்கள்.

"அவ சாகலீங்க. பஸ் ஏறிப் போனா. நான் பாத்தேன்" என்றான் நஞ்சப்பன்.

யாரும் திரும்பவில்லை. திருமூர்த்தி மட்டும் ஒரு தொன்னையில் பொங்கலை எடுத்துவந்து அவன் கையில் வைத்து, தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"கண்ணெல்லாம் செவந்து கெடக்குதுங்க நஞ்சப்பன்" என்றார், நிஜமான அக்கறையோடு. "போயி ஒரு எட்டு மணி நேரம் தூங்கி எந்திரிங்க. எங்களுக்கெல்லாம் செரியாயிருச்சு பாருங்க."